கயிற்றில் ஏழு முடிச்சு

அத்தியாயம் 11

கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தைப் போன வாரம் தையலக்கா நான்கு தடவை படித்தாள், நினைவிருக்கும். ஐந்தாவது தடவை படிக்கவில்லை. படிக்கப் படிக்க எழுத்து மாறிவிடப் போகிறதா என்ன?

விஷயம் இதுதான். அவள் கணவர் இருபத்தேழு வருஷம் லாரி ஓட்டியவர். வேகமுள் அறுபதைத் தாண்டி யாரும் பார்த்ததில்லை. அதனால் கம்பெனியின் லாரி யார்டில் அவருக்கு 'நிதானம்' என்றே பெயர். மூன்று மாதத்துக்கு முன்னால், சிமெண்ட் மூட்டைகளோடு மேட்டிலிருந்து இறங்கும்போது நாற்பத்திரண்டாம் நம்பர் லாரிக்குப் பிரேக் பிடிக்கவில்லை. கீழே பஸ்ஸுக்குக் காத்திருந்த கும்பல் மேல் ஏற்றாமல், வண்டியைக் கருங்கல் சுவரில் கொண்டுபோய் மோதினார். கும்பலில் ஒருவர் மேலும் கீறல் விழவில்லை. அவருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

உடம்பு முடியாமல் விலகுகிறார் என்று கம்பெனி எழுதினால் பென்ஷன் உண்டு. கவனக்குறைவாக ஓட்டினார் என்று எழுதி வேலையை விட்டு நீக்கினால் ஒன்றும் கிடையாது, இருபத்தேழு வருஷமும் காற்றோடு போச்சு. இரண்டில் எது என்று முடிவு செய்ய இன்றைக்குப் பதினோரு மணிக்கு விசாரணை.

நிதானத்துக்குக் கவனக்குறைவாம்! வயிறு எரியாமல் இருந்தால் சிரிக்கலாம்.

காலை எட்டு மணிக்கே தையலக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டு, எக்ஸ்ரே உறை, பழைய பாராட்டுக் கடிதம் எல்லாவற்றையும் தையல் மெஷின் மேல் பரப்பி வைத்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு காலையும் வச்சுக்கிட்டு ஓடலைங்கறே," என்றார் நிதானம், கட்டிலில் உட்கார்ந்தபடி பேண்டின் வெற்றுக் காலை மடித்து ஊக்குக் குத்திக்கொண்டே.

"இந்த நக்கலை அங்க வந்து காட்டாதீங்க. பாவமா மூஞ்சியை வச்சுக்குங்க."

"என் மூஞ்சியே அப்படித்தானே இருக்கு."

காகிதங்களைக் கட்ட ஏதாவது வேண்டும். லாரியின் கேபினிலிருந்து எடுத்ததென்று வாட்ச்மேன் கொடுத்த பையைத் துழாவினாள். பிளாஸ்க், சீப்பு, பாதி சோப்பு, கண்ணாடிக் கூடு. அடியில் ஒரு சிவப்பு நைலான் கயிறு. டீசல் வாடை அடித்தது. பரவாயில்லை என்று காகிதக் கட்டை அதைக் கொண்டு சுற்றினாள்.

"அதை எங்கேருந்து எடுத்தே?"

அவர் குரல் மாறியதில் அவள் திரும்பிப் பார்த்தாள்.

"பையில இருந்தது. ஏன்?"

"அவிழ்த்துக் கீழ போடு."

"ஒரு கயித்துக்கா இவ்வளவு கோபம்?"

"அது வெறும் கயிறு இல்ல. போடுன்னா போடேன்."

போடு என்றால் போடுகிற ஆளா அவள்? கயிற்றை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு, கட்டிலில் அவருக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள். சொல்லாமல் எழுந்திருக்க மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். சொன்னார்.

யார்டில் புகார்ப் புத்தகம் ஒன்று இருக்கிறது. வண்டியில் என்ன கோளாறு என்றாலும் அதில் எழுத வேண்டும், அதுதான் சட்டம். ஆனால் எழுதினால் வண்டி ரிப்பேர் ஷெட்டுக்குள் போகும், எழுதியவன் வீட்டுக்குள் உட்கார வேண்டும். வண்டி ரெடியாகிற வரைக்கும் அவனுக்கு வேறு வண்டி கிடையாது, சம்பளமும் கிடையாது. அதனால் யாரும் எழுதுவதில்லை. பதிலுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பிரேக்கில் சந்தேகம் வந்தால் முதல் டிரைவர் கைப்பிரேக்கில் ஒரு கயிறு கட்டி ஒரு முடிச்சுப் போடுவான். அடுத்தவன் ஓட்டிப் பார்த்து, ஆமாம் கோளாறுதான் என்றால் இரண்டாவது முடிச்சு. 'பார்த்து ஓட்டு' என்று அர்த்தம். ஷெட்டில் பிரேக்கைச் சரி செய்த அன்றைக்கு, யார்டைக் கவனிக்கும் போர்மேனே கயிற்றை வெட்டி எறிவார்.

"போர்மேனுக்கும் தெரியுமா?"

"அவர்தானே சொல்லுவார், புக்குல எழுதி என் உயிரை வாங்காதீங்கப்பா, கயிறு கட்டிட்டுப் போங்கன்னு."

தையலக்கா முடிச்சுகளை எண்ணினாள். ஏழு.

"ஏழு முடிச்சு இருக்கிற வண்டியை ஏங்க எடுத்தீங்க? உங்களுக்கு அறிவு இருக்கா?"

"நான் ஏறும்போது ஆறு. எடுக்க மாட்டேன்னு நின்னேன். 'நேத்து உன் மச்சான் ஓட்டிட்டுத்தானே வந்தான், அவன் ஒண்ணும் சொல்லலையே'ன்னார் போர்மேன். சரின்னு எடுத்தேன். மேட்டுக்கு முன்னாடி டீக்கடைல நிறுத்தும்போதே புரிஞ்சுபோச்சு. ஏழாவதை அங்கதான் போட்டேன். திரும்பி வந்ததும் ஷெட்ல விட்டுடலாம்னு நெனச்சேன்." அவர் மடித்த பேண்டைப் பார்த்தார். "நெனச்சேன்."

இருபது வருஷமாகப் பொத்தான் கட்டிய விரல்கள் அவளுடையவை. ஆறாவது முடிச்சில் அவை தாமாக நின்றன. மற்ற முடிச்சுகளில் கயிறு வலப்பக்கம் படிந்திருந்தது. இதில் மட்டும் இடப்பக்கம்.

போர்மேன் சொன்ன அந்த மச்சான் அவளுடைய தம்பிதான். இடது கைக்காரன். சின்ன வயசில் அவனுக்கு ஷூ நாடா கட்டச் சொல்லிக்கொடுத்து, தலைகீழாகவே கட்டுகிறான் என்று தலையில் அடித்துக்கொண்டவள் அவள்தான்.

அந்தத் தம்பிதான் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருந்தான்: 'முந்தின நாள் நான் ஓட்டியபோது வண்டி நல்ல நிலையில் இருந்தது.' அவளிடமும் அதைத்தான் சொல்லியிருந்தான். ஆஸ்பத்திரிக்குத் தினமும் பழம் வாங்கிக்கொண்டு வந்து, அவள் முகத்தைப் பார்க்காமலே போனானே, அதற்கு இப்போதுதான் காரணம் தெரிந்தது.

"உங்களுக்குத் தெரியுமா, இது அவன்னு?"

"தெரியும்."

"மூணு மாசமா வாயே திறக்கலை!"

"அவன் பொண்டாட்டி மாசமா இருக்கா. புக்குல எழுதாம வண்டி ஓட்டினான்னு தெரிஞ்சா அவன் வேலையும் போகும். மத்தவங்களுக்கும் அதேதான். எனக்கு ஒரு கால் போச்சு, அதுக்காக அத்தனை பேர் சோத்துலயும் மண்ணைப் போடணுமா? அதுவும் போக, இதைக் காட்டினா தெரிஞ்சேதான் வண்டி எடுத்தேன்னு என்னையே மடக்குவாங்க."

"காட்டாட்டி மட்டும் மாலை போடப் போறாங்களாக்கும்."

அவள் கயிற்றைத் திருப்பி, இன்னொரு முடிச்சை அவர் கண்ணுக்கு நேரே நீட்டினாள்.

"இந்த நாலாவது யாரு போட்டது? ரெண்டு சுத்து சுத்தி, நுனியைச் சின்னதா வெட்டி விட்டிருக்கு. ஒரு டிரைவர் கையில இவ்வளவு சுத்தமா முடிச்சு வருமா?"

"அது உனக்கு வேண்டாம்."

"யாரு?"

"வேண்டாம்னேன்ல. தெரிஞ்சா நீ சும்மா இருக்க மாட்டே. நான் சொல்லாம அந்தக் கயிறு வெளில வரக்கூடாது, ஆமா."

"சரி," என்றாள் தையலக்கா. அவள் அகராதியில் சரி என்றால் பார்க்கலாம் என்று அர்த்தம். கயிறு அவள் கைப்பைக்குள் போயிற்று.

பத்து மணிக்கு டாக்சி யார்டு வாசலில் நின்றது. இரும்புக் கம்பியால் டயர்களைத் தட்டிப் பார்க்கும் சத்தம் டங் டங்கென்று வந்துகொண்டிருந்தது. நிதானத்தை வாட்ச்மேன் அறையில் உட்காரவைத்துவிட்டு, பாத்ரூம் போய் வருகிறேன் என்று சொல்லி, நேராக டிரைவர்கள் ஓய்வறைக்குப் போனாள்.

தம்பி தனியாக இருந்தான். தகர அலமாரியைத் திறந்து சட்டை மாற்றிக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் பொத்தானைத் தப்பான ஓட்டையில் போட்டான்.

"டூட்டி இருக்கு, அக்கா. அதான் கூட வர முடியலைன்னு மாமாகிட்ட சொன்னேனே..."

அவள் கயிற்றை எடுத்து அவன் கையில் வைத்தாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"வண்டி நல்ல நிலையில இருந்துச்சாடா?"

"எழுதிக் குடுன்னாங்க. குடுத்தேன்."

"விஷத்தைக் குடின்னா குடிப்பியா?"

"நீ பேசுவே! எனக்கு எட்டு வருஷ சர்வீஸ். வீட்டுல அவ எட்டு மாசம். என்னையும் தூக்கிட்டா நீயா சோறு போடுவே? மாமாவே ஒண்ணும் கேக்கலை, நீ ஏன் குதிக்கறே?"

"மாமா கேக்கலைடா. உனக்காகத்தான் கேக்கலை. அந்த மனுஷன் உன் முடிச்சைக் கையில வச்சுக்கிட்டு மூணு மாசம் வாயை மூடிக்கிட்டுக் கிடந்திருக்கார். நீ கொண்டுவந்த ஆரஞ்சுப் பழத்தை உரிச்சுத் தின்னுக்கிட்டு!"

தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

அவளுக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. "நான் உன்கிட்ட ஒண்ணும் கேக்க வரலை. இதை நான் உள்ள எடுத்துட்டுப் போகப் போறேன். உன் முடிச்சு உனக்குப் பயமா இருந்தா, இப்பவே அவிழ்த்துக்கோ. அக்கா காட்டிக் குடுத்தான்னு நாளைக்குச் சொல்லாதே."

அவன் அவிழ்க்க மாட்டான் என்றுதான் நினைத்தாள்.

அவிழ்த்தான். டீசலில் ஊறி இறுகிப் போன முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்து, கயிற்றை அவள் கையில் திணித்துவிட்டு, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். முடிச்சு இருந்த இடத்தில் கயிறு இன்னும் வளைந்தே இருந்தது. தையலக்கா அதை விரலால் நீவி நீவிப் பார்த்தாள். நிமிரவில்லை.

விசாரணை போர்மேனின் அறையில். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அருமையாகத் தேய்த்த சட்டை, பேனாவுக்கு மூடி போட்டுப் போட்டுத் திறக்கும் பழக்கம். பக்கத்தில் போர்மேன், கையைக் கழிவுப் பஞ்சால் துடைத்துக்கொண்டே இருந்தார். சுவரில் பெரிய பலகை; வரிசை வரிசையாக ஆணியில் லாரிகளின் மாற்றுச் சாவிகள் தொங்கின.

"உதவிக்கு வந்தவங்க பேசக்கூடாது, அம்மா," என்றார் அதிகாரி முதலிலேயே.

"நான் எங்க சார் பேசினேன்," என்றாள் தையலக்கா.

அதிகாரி புகார்ப் புத்தகத்தைப் புரட்டினார். நாற்பத்திரண்டாம் நம்பர் வண்டியைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. முந்தின நாள் டிரைவரின் வாக்குமூலம், வண்டி நல்ல நிலை. போர்மேனின் வாக்குமூலம், சோதித்துப் பார்த்தேன், வண்டி நல்ல நிலை.

"இந்த யார்டுல என் கை படாம எதுவும் வெளில போகாது, சார்," என்றார் போர்மேன். பலகையைக் காட்டினார். "அந்தச் சாவிகளைப் பாருங்க. அறுபத்தாறு சாவி. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் வில்லையை நானே கட்டுவேன். வேற யாரையும் தொட விடமாட்டேன். அவ்வளவு கவனம்!"

அதிகாரி ஒரு காகிதத்தை நிதானத்தின் பக்கம் நகர்த்தினார். "என் கவனக்குறைவுதான்னு ஒத்துக்கிட்டு இதுல கையெழுத்துப் போடுங்க. பென்ஷன் வராது. ஆனா கம்பெனி இரக்கப்பட்டு ஒரு தொகை குடுக்கும். உங்க நிலைமைக்கு அது போதும்னு நெனக்கிறேன்."

நிதானம் பேனாவை வாங்கிக்கொண்டார். போட்டுவிடுவார். அத்தனை பேருக்காகப் போட்டுவிடுவார், இந்த மனுஷன்.

அப்போது போர்மேன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். விதி யாரை விட்டது!

"இறக்கத்துல கொஞ்சம் வேகமா விட்டுட்டார் போல, சார். வயசாகுதில்ல."

பேனா நின்றது.

"என்ன சொன்னீங்க?" என்றார் நிதானம்.

"இல்ல, வேகமா..."

"நானா? வேகமா?"

அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். "கையெழுத்துப் போடக் கால் தேவையில்லை, சார். கை நல்லாத்தான் இருக்கு. ஆனா போட மாட்டேன். இருபத்தேழு வருஷத்துல என்னை எல்லாரும் கிண்டல் பண்ணியிருக்காங்க, மாட்டு வண்டின்னு, கல்யாண ஊர்வலம்னு. வேகமா விட்டேன்னு ஒருத்தரும் சொன்னதில்லை. எனக்கு உங்க இரக்கம் வேண்டாம். எனக்குச் சேர வேண்டியதைக் குடுங்க."

பிறகு மனைவியைப் பார்த்தார்.

"எடு."

தையலக்கா அதை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

கயிறு எதற்கு, முடிச்சு எதற்கு என்று அவரே சொன்னார். சொல்லிக்கொண்டே விரலால் எண்ணியவர், நடுவில் நிறுத்தினார். ஆறுதான் இருந்தது. கயிற்றில் அந்த வளைவைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் ஒன்றும் கேட்காமல், "ஆறு பேர், சார்," என்று முடித்தார்.

"உங்களுக்கு இதைப் பத்தித் தெரியுமா?" என்று அதிகாரி போர்மேனைக் கேட்டார்.

"கயிறா? இப்பத்தான் சார் கேள்விப்படறேன்," என்றார் போர்மேன். கூசாமல் சொன்னார், மகராசன்.

"பேர் இல்லாத கயித்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று அதிகாரி ஆரம்பிக்கும்போது கதவு திறந்தது.

தம்பி நின்றான். சட்டைப் பொத்தான் இன்னும் தப்பான ஓட்டையிலேயே இருந்தது. ஒரு கையில் அன்றைக்கு அவனுக்குக் கொடுத்த லாரியின் சாவி. இன்னொரு கையில் ஒரு பச்சைக் கயிறு.

"யாருப்பா நீ? கதவைத் தட்டிட்டு வரத் தெரியாதா?"

"நாற்பத்திரண்டை முந்தின நாள் ஓட்டினவன், சார். வண்டி நல்லா இருந்ததுன்னு எழுதிக் குடுத்தவன். அது பொய்." ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். பச்சைக் கயிற்றை மேசையில் போட்டான். "இது இன்னிக்கு எனக்குக் குடுத்த வண்டியில இருந்தது. மூணு முடிச்சு. நாலாவதை நான் போடப் போறதில்லை. வண்டியும் எடுக்கப் போறதில்லை."

அப்புறம் சிவப்புக் கயிற்றை எடுத்தான். வளைவு இருந்த இடத்தைத் தேடிப் பிடித்து, எல்லார் முன்னாலும், இடது கையால் முடிச்சைப் போட்டான். இறுக்கினான்.

"இப்ப ஏழு, மாமா," என்றான். மாமாவின் முகத்தைப் பார்த்தே சொன்னான்.

நிதானத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "முட்டாப் பய," என்றார் மெதுவாக.

அதிகாரி சிரித்தார். "அக்கா, தம்பி, மாமா. நல்லா இருக்கு. ஒரே குடும்பம், வீட்டுல உக்காந்து கயிறு திரிச்சுக்கிட்டு வந்திருக்கீங்க. உங்க ஆளுங்க மூணு பேர் தவிர வேற யாராவது இதுக்குச் சாட்சி உண்டா?"

தையலக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போர்மேன் பெருமையாகக் கைகாட்டினாரே, அப்போதிலிருந்தே அவள் கண் அந்தப் பலகையை விட்டு நகரவில்லை. அறுபத்தாறு சாவிகள். அறுபத்தாறு நம்பர் வில்லைகள். ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரிக் கட்டு. இரண்டு சுற்றுச் சுற்றி, இறுக்கி, நுனியைச் சின்னதாக வெட்டிவிட்ட சுத்தமான கட்டு.

எழுந்து போனாள்.

"உதவிக்கு வந்தவங்க எழுந்து..."

"உதவிதான் சார் பண்றேன்."

கைக்கு எட்டிய ஒரு சாவியை எடுத்துவந்து, சிவப்புக் கயிற்றின் நாலாவது முடிச்சுக்குப் பக்கத்தில், ஒட்டினாற்போல் வைத்தாள். ஒரு துணியில் இரண்டு பொத்தானைச் சரி பார்ப்பதுபோல் விரலால் நேர்ப்படுத்தினாள்.

அதிகாரி குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பேனா மூடியைத் திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை.

"வண்டியைச் சோதிச்சுப் பார்த்தேன்னு எழுதியிருக்காரே, அது மட்டும் உண்மை," என்றாள் தையலக்கா. "பார்த்துட்டு, பிரேக் சரியில்லைன்னு முடிச்சும் போட்டிருக்கார். ஆறு டிரைவருக்கு நடுவுல இவரும் ஒருத்தர்."

வெளியே டயர் தட்டும் சத்தம்கூட நின்றுபோயிருந்தது. ஜன்னலில் நான்கைந்து தலைகள் தெரிந்தன.

அவள் போர்மேனைப் பார்த்து நிமிர்ந்து நின்றாள்.

"வேற சாட்சி கேட்டீங்களே, சார். இவர் எங்க குடும்பம் இல்லையே?"

போர்மேன் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது. அதை எடுக்க அவர் குனியவில்லை. வாயைத் திறந்தார்.